உத்தரவு கேட்ட கை

இப்போதும் போலீஸ்காரர் யாராவது என்னை நிறுத்திக் காகிதம் கேட்டால், என் கை உடனே பைக்குள் போகாது. "சட்டைப் பையில கை விடுறேன் சார்" என்று வாய்தான் முதலில் சொல்லும். அவர் சரி என்ற பிறகே கை நகரும். போன மாதம் மயிலாடுதுறை மணிக்கூண்டு பக்கத்தில் ஒரு இளம் போலீஸ்காரர் என் ஸ்கூட்டரை நிறுத்தினார். நான் இப்படிச் சொன்னதும், பையில் பாம்பா வைத்திருக்கிறீர்கள் பெரியவரே என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஷார்ஜாவில் இருந்த பதினோரு வருஷமும் அங்கே உள்ள போலீஸிடம் இதையே தமிழில் சொல்லிவிட்டுத்தான் அடையாள அட்டையை எடுத்தேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

இந்தப் பழக்கம் ஒருவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவர் பெயரை எழுத மாட்டேன். ஒரு சர்க்கார் காகிதத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொய்யை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பெயரை எழுத்தில் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பஸ்ஸில் எல்லோரும் அவரை உத்தரவு அண்ணன் என்றுதான் சொல்வோம். அதுவே போதும்.

நான் அப்போது திருப்பனந்தாளுக்கும் மாயவரத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மயிலாடுதுறையை அன்றைக்கு மாயவரம் என்போம். உத்தரவு அண்ணன் பாதி வழியில் ஒரு வாய்க்கால் மதகுப் பக்கத்தில் ஏறுவார். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மாயவரத்தில் ஒரு பேங்க் வாசலில் காவல் வேலை. கையில் ஒற்றைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் அதை வேறு யாரிடமும் விட்டு வைக்கக் கூடாது என்று காலையில் கொண்டுபோவார், சாயங்காலம் கொண்டுவருவார்.

முதல் நாள் அவர் படியில் கால் வைத்ததும் முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் அலறிவிட்டாள். அவர் ஏறவில்லை. படியிலேயே நின்று, துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, குழலை வெளிச்சத்தில் காட்டினார். குழல் வழியாக அந்தப் பக்கத்து வயல் தெரிந்தது. தோட்டா தனியாகச் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு தகர டப்பாவில் இருக்கிறது, லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது, ஏறட்டுமா என்று கேட்டார். டிக்கெட் கொடுக்கப் போனால், "பாய், பையில கை விடுறேன்" என்றார். விடுங்கண்ணே, உங்க பை, உங்க கை, என்னை எதுக்குக் கேக்குறீங்க என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் நான் தலையாட்டும் வரைக்கும் கையை எடுக்கவே இல்லை. என்ன மனுஷன் இவன் என்று நினைத்தேன்.

அது விளைச்சல் சண்டைக் காலம். அறுவடைக் கூலியை ஏற்றிக் கேட்டுச் சங்கத்து ஆட்கள் வயலில் இறங்குவார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். நடுவில் போலீஸ். ரோட்டில் நாலு மைலுக்கு ஒரு இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்கள். கதிர் அரிவாளைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்த லட்சணத்தில் கூலிக்காரத் தெருவைச் சேர்ந்த ஒருவர் துப்பாக்கியோடு தினம் இரண்டு வேளை அதே ரோட்டில் போய் வந்தால் எப்படி இருக்கும்? அவர் ஊர்ப் பண்ணையார் ஏற்கெனவே, அந்தத் தெருக்காரனுக்கு எதற்குத் துப்பாக்கி, லைசென்ஸை ரத்து செய்யுங்கள் என்று மேலே எழுதிப் போட்டிருந்தார். உத்தரவு அண்ணன் ஒரு தடவை தப்பாக அசைந்தால் லைசென்ஸ் போகும், வேலை போகும். அதற்குமேல் என்ன போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அவருடைய முறை ஒன்று உண்டு. போலீஸ் பஸ்ஸை நிறுத்தினால், அவர்கள் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். "ஐயா, எங்கிட்ட துப்பாக்கி இருக்கு. தோட்டா போடல. லைசென்ஸ் இருக்கு. இறங்கட்டுமா?" இறங்கு என்றால் இறங்குவார். மடக்கித் திறந்தபடி அதைத் தரையில் வைப்பார். நாலு எட்டு பின்னால் போய் நிற்பார். இரண்டு கையும் உடம்பை விட்டு விலகி, விரல் விரிந்து இருக்கும். லைசென்ஸை எடு என்பார்கள். "மேல் பையில கை விடுறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு இரண்டு விரலால் எடுப்பார். வாதம் பண்ண மாட்டார். வேகமாகப் பேச மாட்டார். போலீஸ்காரர் தம்பி வயசாக இருந்தாலும் ஐயாதான்.

ஒரு நாள் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் துப்பாக்கியைக் கீழே போடு என்கிறார், இன்னொருவர் அசையாதே, கையைத் தூக்கு என்கிறார். நானாக இருந்தால் பயத்தில் இரண்டையும் செய்திருப்பேன். அவர் ஒன்றையும் செய்யவில்லை. நின்ற இடத்தில் நின்று, "ரெண்டு ஐயாவும் சொல்றீங்க. எதை முதல்ல செய்யட்டும்?" என்று கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலேயே அவர்கள் சூடு இறங்கிவிட்டது. பஸ் கிளம்பியதும் டிரைவர் அவரைச் சேவிக்காத குறையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே முதல் ஆளாக அவர் போய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்வார். பிறகு ஒரு மாதம் வெறுங்கையோடு பஸ்ஸில் வருவார். அப்போதும் சீட்டில் பக்கத்தில் அரை ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவார். துப்பாக்கிக்கு அரை டிக்கெட் போடட்டுமா என்று கேட்டு நான் அவரை ஓட்டுவேன்.

அவர் வீட்டுக்கு ஒரு தடவை ரம்ஜான் பலகாரம் கொண்டுபோயிருந்தேன். மனைவியும் ஒரே மகளும் இருந்தார்கள். அந்த அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "தூங்குற புள்ளையக்கூட, தூக்குறேன் கண்ணுன்னு சொல்லிட்டுத்தான் தூக்குவாரு பாய். அது முழிச்சுக்கிட்டு அழுவும்." அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

எதற்கு இதெல்லாம் என்பது ஒரு நாள் பஸ் பஞ்சர் ஆனபோது தெரிந்தது. டிரைவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல அவரைக் கிண்டல் பண்ணினேன். போலீஸ் என்றால் இவ்வளவு பயமா, பட்டாளத்துக்காரர் நீங்க என்றேன்.

"போலீஸுக்குப் பயமில்ல பாய். அவங்க பயத்துக்குத்தான் பயம்" என்றார்.

பிறகு சொன்னார். வடக்கே எல்லையில், பனியில், தனியாகக் காவல் நின்றபோது ஒரு ஆடு மேய்க்கிற கிழவன் எதிரே வந்தானாம். நில் என்றிருக்கிறார். நின்றானாம். பாஷை தெரியாது. அந்தக் கிழவன் சிரித்துக்கொண்டே அங்கிக்குள் கையை விட்டிருக்கிறான். இவர் சுட்டுவிட்டார். போய்ப் பார்த்தால் அவன் கையில் ஒரு பிடி உலர்ந்த பழம். குளிரில் நிற்கிறானே என்று இவருக்குக் கொடுக்க எடுத்திருக்கிறான்.

"என் விரலை நான் அமுத்தல பாய். பயம் அமுத்துச்சு. என்னை ஒருத்தரும் குத்தம் சொல்லல. எழுதிக்கிட்டு விட்டுட்டாங்க. அன்னையிலேருந்து, எதிர்ல ஒருத்தர் துப்பாக்கியோட நின்னா, அவரு கையில அந்தப் பாவம் விழக் கூடாதுன்னு பாக்குறேன். என் உசுரு ரெண்டாவதுதான்."

அவரைக் கிண்டல் பண்ணுவதை அன்றோடு விட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. ஒரு விஷயத்தில் விடவே இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது.

அவர் தோளில் துண்டு போட மாட்டார். அது எல்லோரும் துண்டு போட்ட காலம். எந்த மேடையில் பார்த்தாலும் தோளில் துண்டு தொங்கும். பெரிய மனிதர் முன்னால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்ற ஜனங்கள், எங்கள் ஆட்சி வந்துவிட்டது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார்கள். நான் கட்சிக் கூட்டம் ஒன்று விடாமல் போகிறவன். எனக்கு அதில் ஒரு பெருமை. அவரை விடாமல் நச்சரித்தேன். துப்பாக்கி வைத்திருக்கிற மனுஷனுக்குத் துண்டு போடத் தைரியம் இல்லையா அண்ணே என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"துண்டு இருந்தா கைக்கு வேலை வந்துடும் பாய்" என்பார். அதோடு வெளியே பார்ப்பார். எனக்கு அது விளங்கவில்லை. பண்ணையார் வீட்டில் மாடு மேய்த்து, சாணி அள்ளி, பதினெட்டு வயசு வரைக்கும் பண்ணை ஆளாக இருந்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவர் அவர் என்பது எனக்குத் தெரியும். பண்ணை ஐயா வருகிறார் என்றால் துண்டு தோளில் இருக்கக் கூடாது என்று அண்ணனை அவர் அப்பா அடித்தே பழக்கியிருக்கிறார். அதை அவரே சொன்னதுதான். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை.

சண்டை முற்றிய சமயத்தில் சங்கத்துப் பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வந்து, நீங்கள் சுட வேண்டாம், துப்பாக்கியோடு வரப்பில் வந்து நின்றால் போதும் என்று கெஞ்சினார்கள். மறுநாள் பண்ணையாரின் காரியஸ்தர் வந்து, களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல் நில், நல்லது நடக்கும் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். லைசென்ஸில் பேங்க் காவல் என்று போட்டிருக்கிறது, வரப்பும் போடவில்லை, களமும் போடவில்லை என்றாராம். இரண்டு பக்கமும் அவரைத் திட்டினார்கள்.

அந்த வருஷம்தான் குடியிருக்கிற மனைக்குப் பட்டா கொடுத்தார்கள். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களை இனிமேல் யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது. ஒரு நாள் காலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தாசில்தார் வந்து கொடுத்தார். உத்தரவு அண்ணன் பட்டா வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்கு வந்தார். அதற்காகவே நான் முதல் நாள் மாயவரத்தில் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி வைத்திருந்தேன். பச்சைக் கரை. அவர் ஏறியதும், இன்றைக்கு நீங்கள் மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்று பஸ் முழுக்கப் பார்க்க அவர் தோளில் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர் துண்டைத் தடவிப் பார்த்தார். எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த நிழலில் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. மனைப் பட்டா சட்டைப் பையில், லைசென்ஸுக்குப் பின்னால் இருந்தது.

மூன்று மைல் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். முதல் நாள் அந்த ஊரில் அறுப்பு வயலில் கைகலப்பு. புதிதாகப் போலீஸ் இறக்கியிருந்தார்கள். எல்லாம் வெளி ஜில்லாக்காரர்கள். ரைபிளோடு எதிரில் நின்ற பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அண்ணன் தன் முறைப்படியே சொன்னார். அவன் இறங்கச் சொன்னான். இறங்கி, துப்பாக்கியைத் திறந்தபடி தரையில் வைத்தார். நாலு எட்டு பின்னால் போனார். கையை விரித்தார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனுக்கு உடம்பு ஆடியது எனக்கே தெரிந்தது. லைசென்ஸை எடு என்றான். "மேல் பையில கை விடுறேன் ஐயா" என்றார். சரி என்று அவன் தலையாட்டினான்.

அப்போது பாலத்திலிருந்து ஒரு ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. முன் சீட்டில் சப் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பக்கத்தில் பண்ணையார். பண்ணையார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். அண்ணன் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

பையை நோக்கிப் போன அண்ணன் கை தோளுக்குப் பாய்ந்தது. துண்டை வெடுக்கென்று இழுத்தது. கக்கத்தில் இடுக்கியது. உடம்பு முன்னால் வளைந்தது. தலை தாழ்ந்தது. அவர் முன்னால் தரையில் துப்பாக்கி கிடந்தது. எல்லாம் ஒரு மூச்சு நேரம்தான். பையன் சுட்டுவிட்டான்.

துப்பாக்கியை எடுக்கப் பாய்ந்தான் என்றுதான் அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நான் துண்டைப் பற்றிச் சொன்னேன். துண்டை எடுத்ததற்கா சுட்டார்கள் என்று கேட்டார். ஆமாம் சார், மரியாதை பண்ணினதற்குத்தான் சுட்டார்கள் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். துண்டை வாங்கிப் போட்டது யார் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இத்தனை வருஷமாக அதை ஒருவராவது கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று இருக்கிறது. அண்ணன் மனைவிகூடக் கேட்கவில்லை. அந்த மனையை விட்டு அவர்களை யாராலும் எழுப்ப முடியவில்லை. மகள் படித்து நர்ஸாகி அங்கேயே வீடு கட்டியிருக்கிறாள். என்னைக் கண்டால் மாமா என்று ஓடி வருவாள். நான்தான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அன்றைக்கு மாயவரம் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் வேனிலேயே கிடத்தினார்கள். நான் கூட ஏறிக்கொண்டேன். சுட்ட பையனையும் அதிலேயே ஏற்றியிருந்தார்கள். பாலத்தருகில் விட்டு வைத்தால் கூட்டம் அவனைத் தீர்த்துவிடும் என்று பயம். அவன் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு அவனை மிதிக்க வேண்டும் போல இருந்தது.

கும்பகோணம் தாண்டும்போது அண்ணன் கண் திறந்தார். முதலில் அவனைத்தான் பார்த்தார்.

"நான்தான் கேக்காம கை எடுத்துட்டேன், ஐயா. உங்க மேல தப்பில்ல" என்றார்.

அவன் இன்னும் பெரிதாக அழுதான். எனக்குத் தாங்கவில்லை. தப்பு உங்கள் மேலும் இல்லை, நான் போட்ட துண்டு மேலண்ணே, என் மேல என்று கத்தினேன். அவர் கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"துண்டு நல்லா இருந்துச்சு பாய்."

தஞ்சாவூர் நெருங்கிவிட்டது, கோபுரம் தெரிகிறது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன். பலகையைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தவர் போல, அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பாய், கைய எடுக்கட்டுமா?"

"எடுங்கண்ணே" என்றேன்.

எதிரில் இருந்த பையன் முகத்திலிருந்து கையை எடுத்தான். அவனும், "எடுங்க ஐயா" என்றான்.

அவர் கை அசையவில்லை. நானே அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.